விரதப் பொத்தான்

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளை இடுப்பில் வேட்டி நிற்கிறதோ இல்லையோ, அரைஞாண் கயிறு நிற்கும். குழந்தையில் கட்டுவது, சுடுகாட்டில்தான் அறுப்பார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் கையில் பட்டை, விரலில் வளையம் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்துத் தோற்றார்கள். கடைசியில் கறுப்புக் கயிற்றில் சுண்டைக்காய் அளவு மணியொன்றைக் கோத்துக் கொடுத்தபோது, திருச்செங்கோட்டில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆண்களுக்கு மட்டும் இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பிக்கு அந்த மணி காவல். சுரப்பியில் புற்று வந்தால் ஏறுகிற புரதத்தை வியர்வையிலிருந்தே அளக்கும். சிறுநீருக்கு எத்தனை தடவை எழுகிறார் என்று பார்க்கும். மாதத்தில் எத்தனை தடவை விந்து வெளியேறுகிறது என்றும் எண்ணும். கூச்சப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா, உடம்பைப் பற்றித்தான் பேசுகிறேன், கெட்டது பேசவில்லை. அந்த எண்ணிக்கைக்கும் புற்றுநோய்க்கும் ஏதோ ஒரு தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிக்காரர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணி இந்த மூன்றையும் கூட்டி ஒரே நிறமாகக் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் டாக்டரிடம் ஓட வேண்டும்.

நிறத்தை மணியிலேயே வைத்ததுதான் வினை.

திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். வண்டி தானே ஓடுகிற காலம் வந்த பிறகும், எந்த அடியில் கல், எந்த அடியில் ஈரம் என்று வெளியே வருகிற பொடியை விரலில் தேய்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அதனால் ஆண்கள் மூன்று மாதம், நான்கு மாதம் வடக்கே போய்த் தங்குவார்கள். தோண்டிய குழியிலிருந்து தண்ணீர் பீறிடும்போது எல்லோரும் அதனடியில் நின்று குளிப்பார்கள். இடுப்பு மணியின் நிறம் எல்லோர் கண்ணிலும் படும். மஞ்சளாக இருந்தால், “ஊட்ல பட்டினி போடறாங்களாட்ட இருக்குது” என்று கேலி பேசுவார்கள். நான்கு மாதமாக ஊருக்கே போகாதவன் மணி பச்சையாக இருந்தால் அதற்கு வேறு கேலி. துணையோடா தனியாகவா என்று மணிக்குத் தெரியாது, அது எண்ண மட்டும்தான் செய்யும். செய்தி ஊருக்கு வந்து, மாமியார்கள் மருமகளைக் கரித்துக்கொட்டினார்கள். ஒருத்தருடைய சுரப்பிக்கு இன்னொருத்தி பொறுப்பாகிப் போனாள்.

அந்த ஊர் மணி மையத்தில் வேலை பார்த்தவள் தாரணி. வயது ஐம்பது. புருசன் பூபதி ரிக்கில் துளை போடுகிறவர், அவளைவிட நாலு வயது மூத்தவர். மணிகளிலிருந்து வரும் விவரங்களைப் பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்குச் செய்தி அனுப்புவது அவள் வேலை. பெயர் தெரியாது, எண் மட்டும்தான் வரும். எந்த எண் யாருடையது என்று கண்டுபிடிக்க முயலுவதே குற்றம். வேறொரு ஊரில் ஒரு ஊழியர் யாரோ ஒருவரைப் பற்றி வாய் தவறிச் சொல்லப்போய், ஒரே வாரத்தில் அந்த ஊர் ஆண்கள் அத்தனை பேரும் மணியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம், மாலை போட்ட சாமிகள் நாற்பது பேர் மையத்து வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் ஈஸ்வரமூர்த்தி குருசாமி. ரிக் பட்டறை வைத்திருப்பவர், இருபத்தைந்து வருடம் மலைக்குப் போனவர். பிரம்மச்சரியம் காக்கிறவனைப் பார்த்து மணி மஞ்சள் காட்டுகிறது, விரதத்தை முறி என்று செய்தி அனுப்புகிறது, சாமியைவிட மணி பெரிதா என்று கேட்டார். நியாயம்தானே. அதிகாரிகள் விழித்தபோது தாரணிதான் யோசனை சொன்னாள். போனில் ஒரு விரதப் பொத்தான் வைப்போம். மாலை போட்டவர் அதை அமுக்கினால் மணி காவி நிறத்துக்கு மாறிவிடும், எண்ணாது, எச்சரிக்காது.

நாற்பத்தெட்டு நாள் கழித்துப் பொத்தான் தானாக விடுபட வேண்டும் என்றும் அவள் சொன்னாள். குருசாமி ஒத்துக்கொள்ளவில்லை. சாமி காரியத்துக்குக் கெடு வைக்கக் கூடாது, ஒருவர் ஒரு மண்டலம் இருப்பார், இன்னொருவர் ஒரு வருடம் இருப்பார் என்றார். சாமி பெயரைச் சொன்ன பிறகு எங்கள் ஊரில் யார் எதிர்த்துப் பேசுவது? கெடு வைக்கவில்லை. தாரணிக்குக் குருசாமி பொன்னாடை போர்த்தினார்.

இப்போது மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சேலம் ஆஸ்பத்திரி டாக்டர் ஷாகிதா ஒரு பட்டியலோடு மையத்துக்கு வந்து உட்கார்ந்தார். விரதப் பொத்தானை அமுக்கிவிட்டு விடாமலே இருப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு எண்ணைச் சுட்டிக் காட்டினார்.

“இவரப் பாருங்க தாரணி. பொத்தான் அமுக்கிப் பதினஞ்சு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி மாசம் ஏழெட்டுன்னு இருந்தது, ரெண்டே மாசத்துல சுத்தமா நின்னு போயிருக்கு. அதுக்கப்புறம்தான் விரதம். புத்துநோயின்னுதான் சந்தேகப்படறேன்.”

“அப்ப, நின்னதால நோய் வந்துருச்சுங்களா?”

“எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. எண்ணிக்கை அதிகமா இருக்கறவங்களுக்கு அபாயம் கொஞ்சம் கம்மின்னு ஆராய்ச்சி சொல்லுது, அவ்வளவுதான். இல்லாட்டி நோய் வரும்னு அர்த்தமில்ல. பெரிய பெரிய சந்நியாசிங்க நல்லா இருந்துட்டுத்தான் போனாங்க. ஆனா இருந்தது திடீர்னு நின்னா, ஏன்னு கேக்கணும். வலியா, ரத்தமா, பயமா? அந்தக் கேள்வியக் கேக்கத்தான் மணி இருக்கு. நாம அத வாயடச்சு வெச்சிருக்கோம்.”

நிறம் ஒன்றுதான் என்பதால், பொத்தானை அமுக்கியதும் மூன்று எச்சரிக்கையும் சேர்ந்தே நின்றுபோயிருந்தது. புரத அளவு பதினைந்து மாதமாக ஏறிக்கொண்டே இருக்க, அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை போகவில்லை. டாக்டர் முந்தின வாரம் நேரடியாக ஐந்து செய்தி அனுப்பியிருந்தார். திறந்துகூடப் பார்க்கவில்லை. சென்னையில் அனுமதி வாங்கிப் பெயரைத் திறக்க மூன்று வாரம் ஆகும்.

“மூணு வாரம் தாங்குங்களா டாக்டர்?”

“நோய் சுரப்பிக்குள்ள இருக்கற வரைக்கும் நம்ம கையில. எலும்புக்குப் போயிட்டா நம்ம கையில இல்ல. இன்னைக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

டாக்டர் போன பிறகு தாரணி அந்த எண்ணின் விவரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். துளை போடும் இயந்திரத்தின் அதிர்வு மணியில் பதிந்திருந்தது. அப்படியானால் ரிக் ஆள்தான், அது ஊரில் பாதிப் பேர். ஆவணி மாதத்தில் மூன்று நாள் அதிர்வே இல்லை. அவள் கை நின்றது. ஆவணியில் பூபதி வடக்கே யவத்மாலிலிருந்து போன் பண்ணி, எழுநூற்று நாற்பது அடியில் பாறை குடைகிற பிட் சிக்கிக்கொண்டது, மூன்று நாளாக வண்டி சும்மா நிற்கிறது என்று சொன்னார். புரட்டாசியில் ஊருக்கு வந்த தேதி, ஐப்பசியில் திரும்பிப் போன தேதி, விடியலில் பச்சைத் தண்ணீரில் உடம்பு குளிர்ந்த நேரம், எல்லாம் ஒத்துப்போயின. சிறுநீருக்கு எழுந்த நேரங்களைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. குளியலறைக் கதவின் கீச்சொலி அவளுக்குத் தெரியாதா?

பதினைந்து மாதமாக அவள் வீட்டில் மாலை இறங்கவில்லை. சபரிமலைக்கு என்று போட்டார். அது முடிந்து தைப்பூசத்துக்கு என்றார், பிறகு பங்குனி உத்திரம், ஆடிக் கிருத்திகை, புரட்டாசி, மறுபடி கார்த்திகை. தனிப்பாய், தனித்தட்டு. முறைப்படி அவளும் அவரை ‘மாமா’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டாள். புருசனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பெருமைகூடப் பட்டாள்.

பத்து நாளைக்கு முன்புதான் ஊருக்கு வந்திருந்தார். வியாழக்கிழமை விடியலில் அவருடைய வண்டி மறுபடி விதர்பாவுக்குக் கிளம்புகிறது. திரும்பி வர மூன்று மாதம்.

அன்று சாயங்காலம் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை உடம்பைக் காட்டிவிட்டு வரலாமா என்று கேட்டாள். பூபதி தலை நிமிரவில்லை. மாலையும் கழுத்துமாக ஆஸ்பத்திரியில் துணியைக் கழற்றிப் படுப்பது அபச்சாரம், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். உங்களுக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள். சாமிக்கு என்ன செய்யும் என்று கேட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்தார்.

நான் உங்கள் எண்ணைப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனிதர் கோபத்தில் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார். மறுநாளே ஊர் முழுக்கத் தெரியும். ஆயிரக்கணக்கான கயிறு அறுபடும். அதில் எத்தனை பேருடைய மணி சிவப்போ? ஒருத்தரைக் காப்பாற்றப் போய் எத்தனை பேரைக் கைவிடுவது? ஆனால் அந்த ஒருத்தர் என் புருசன் ஆயிற்றே என்றும் நினைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மாலையில்தான் அவர் ஒளிந்திருக்கிறார். மாலையை இறக்கினால் ஒளிய இடமில்லை. ஆனால் போட்டவரே கழற்றக் கூடாது, பெண்டாட்டியும் கழற்றக் கூடாது. பெற்ற தாய் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் குருசாமி. பூபதியின் தாய் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

புதன்கிழமை காலையில் தாரணி ரிக் பட்டறைக்குப் போனாள். ஈஸ்வரமூர்த்தி குருசாமி ஒரு ஸ்டூலில் சாய்வாக உட்கார்ந்து, பிட்டுக்குப் பல் வைக்கிற ஆளுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை, அவர் நித்திய சாமி என்று ஊரில் பேர்.

“வா அம்மிணி. என்ன, மறுபடியும் பொன்னாடை வேணுமா?”

“அவருக்கு மாலைய எறக்கோணுங் குருசாமி. நாளைக்கு வண்டி கெளம்புது. அதுக்கு முந்தி.”

“சாமி மாலையப் பாதியில எறக்கச் சொல்லற பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

“பாதி இல்லீங். பதினஞ்சு மாசம்.”

அவர் சிரிப்பு நின்றது. பல் வைக்கிறவனைப் பார்த்து, போய் டீ குடித்துவிட்டு வா என்றார். அவன் வெளியே போனான். பிறகு, குரலைத் தாழ்த்தி, எதற்கு என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள், என் வாயால் சொல்ல முடியாது என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

“மணி காவியா இருக்குதா?”

தாரணி தலையை மட்டும் ஆட்டினாள்.

“சாயங்காலம் வர்றேன், போ. வெளக்கு ஏத்தி வெய்யி.”

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குருசாமி வந்தபோது பூபதி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். குருசாமியின் காலில் விழுந்து எழுந்தார். அவர் விஷயத்தைச் சொன்னதும் பூபதி இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு மண்டலம் வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றார். போன கார்த்திகையில் ஏன் மலைக்கு வரவில்லை என்று குருசாமி கேட்டார். வேலை என்றார் பூபதி. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனாயா என்றார். அதற்கும் வேலைதான்.

“மலைக்கே போகாம மண்டலம் மண்டலமா இருக்கறதுக்குப் பேரு விரதமில்ல பூபதி. ஒளிஞ்சுக்கறது.”

பூபதிக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் சரணம் சொன்ன வாய் இப்படிப் பேசலாமா, பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கொண்டு மாலையைக் கழற்ற வந்த குருசாமியை உலகத்தில் பார்த்ததுண்டா என்று கத்தினார். தாரணி சுவரோரம் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். குருசாமி சட்டையைத் தூக்கி, வேட்டியின் முடிச்சைக் கொஞ்சம் இறக்கி, இடுப்பைக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் காவி மணி.

“மூணு வருசமாக் காவி. உனக்கு முந்தி, ஊருக்கே முந்தி இந்தப் பொத்தான அமுத்துனவன் நானு. அன்னைக்கு நாப்பது பேரக் கூட்டிக்கிட்டுப் போயி மையத்துல சத்தம் போட்டனே, எதுக்குன்னு நெனச்ச? அதுக்கு முந்தின வாரம் என்னோட மணி செவந்து போச்சு. பட்டறையில பசங்க முன்னால அந்தக் கலரோட குளிக்க எனக்குத் தெம்பில்ல. அதான் சாமியக் கூப்புட்டேன்.”

குருசாமி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“கெடு வெக்க வேண்டாம்னு சொன்னதும் நாந்தான்,” என்று தாரணியைப் பார்த்துச் சொன்னார். “உக்காரு பூபதி.”

பூபதி உட்கார்ந்தார். குருசாமி மூன்று சரணம் சொல்லி மாலையை இறக்கி, தட்டிலிருந்த அரிசி மேல் வைத்தார். பிறகு அவரே மெல்ல, முதுகைப் பிடித்துக்கொண்டு, தாரணி முன்னால் தரையில் உட்கார்ந்தார். எனக்கு மேலே குருசாமி இல்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்.

“தாயா இருந்து நீ கழட்டு அம்மிணி.”

அறுபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதுத் தாய். கழற்றி, அதே அரிசி மேல் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பூபதி பேசினார். அவளைப் பார்க்காமல், அரிசித் தட்டைப் பார்த்துச் சொன்னார். விந்தோடு ரத்தம் வந்ததாம். முதல் தடவை சூடு என்று இளநீர் குடித்தாராம். மறுபடி வந்ததும் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். உடனே மணி மஞ்சளாகிவிட்டது. பீறிடும் தண்ணீருக்கு அடியில் ஒருவன் கேலி பேசினான்.

“தாரணியக்கா ஊருக்கெல்லாம் மணி பாக்குது, புருசனப் பாக்கத்தான் நேரமில்லைன்னான். உன்னைய ஒருத்தன் சொல்லறதக் கேட்டுக்கிட்டு நான் நிக்கறதா? பொத்தான அமுத்திட்டேன். அப்பறம் ஒருத்தன் வாயத் தொறக்கல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல.”

“ரத்தம்னு சொன்னா, வடக்க போயித் தப்பா நடந்துக்கிட்டான்னு நீ நெனச்சுக்குவியோன்னு.”

தாரணி அழவில்லை. ஊரார் வாயிலிருந்து அவளைக் காப்பாற்ற அவர் அமுக்கியிருக்கிறார். சாமிகளின் மனம் நோகக் கூடாது என்று அவள் அந்தப் பொத்தானையே கொண்டுவந்திருக்கிறாள். இரண்டும் நல்ல எண்ணம்தான். இரண்டுக்கும் நடுவே அந்தக் கட்டி பதினைந்து மாதம் சுகமாக வளர்ந்திருக்கிறது.

“உனக்கெப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“பாத்ரூம் கதவு சத்தம் கேக்காத அளவுக்கு எனக்கென்னங்க காது செவுடா? எந்திரிங்க மாமா. காரு வரச் சொல்லியிருக்கறேன்.”

‘மாமா’ என்ற சொல்லைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து துணியை எடுத்து வெளியே வைத்தார்.

சேலத்துக்கு மூன்று பேருமாகப் போனார்கள். குருசாமி முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் தானே ஓடுகிற காருக்கு வலது பக்கம் போ, இடது பக்கம் போ என்று சொல்லிக்கொண்டே வந்தார். பூபதிக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் சோதனை நடந்தது. ஷாகிதா டாக்டர் வெளியே வந்து முதலில் தாரணியின் கையைப் பிடித்தார். பூபதிக்குச் சுரப்பியின் ஓரம் வரை வந்திருக்கிறது, தாண்டவில்லை. அறுவை செய்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு படுக்கையில் எல்லாம் பழைய மாதிரி இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். உயிரோடு இருந்தால் போதும் என்றாள் தாரணி. குருசாமிக்கு முதுகெலும்புக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் மையத்தில் பொத்தானை மாற்றி எழுதினார்கள். காவி நிறம் இருக்கட்டும், புரதம் ஏறினால் மட்டும் அவரவர் போனுக்கு ரகசியமாகச் சேதி போகட்டும், நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கட்டும் என்றாள் தாரணி. மையத்திலிருந்து கேட்டால் எவரும் திறக்க மாட்டார்கள். யார் கேட்டால் பதில் சொல்வார்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த குருசாமியிடம் போனை நீட்டினாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் மூன்று தடவை திருத்தித் திருத்திப் பேசிப் பதிவு செய்தார். அவர் சித்திரையில் போய்ச் சேர்ந்தார். கயிற்றை அறுக்கும்போது மணி சிவப்பாக இருந்தது. அதைத் துணி போட்டு மறைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே அவர் சொல்லி வைத்திருந்தாராம்.

பூபதி பிழைத்துக்கொண்டார். சுரப்பியை எடுத்துவிட்டதால் அவருடைய மணிக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. புரதம் தலைகாட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு பச்சையாகக் கிடந்தது. கார்த்திகை வந்ததும் மாலை போட்டார். இந்தத் தடவை மலைக்குப் போய் வந்தார். ஊருக்கு வந்து மாலையையும் இறக்கினார்.

மறுநாள் காலை, நாற்பத்தொன்பதாம் நாள், தாரணி தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போன் பேசியது.

“சாமி, மலையெறங்கியாச்சா?”

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். விரதப் பொத்தானை அமுக்கியவருக்கு மட்டும்தான் அந்தக் குரல் வரும். எண்ணுவதற்கே ஒன்றும் இல்லாதவர் எதற்காக அதை அமுக்கினார் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பூபதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே ஆள் நிற்பது மாதிரி எழுந்து நின்றிருந்தார்.

“எறங்கியாச்சுங் குருசாமி,” என்றார்.